நெடுநாள் நின்ற பத்மினி காரை வாங்கி, மறுபடி சாலைக்குக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

‘பேட்டரி மட்டும் போட்டா ஓடும் சார்.’ பல வருஷமாக ஷெட்டில் நிற்கும் பழைய காரைப் பார்க்கப் போனால் இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது. பெரும்பாலும் அதில் பொய்யும் இருக்காது. பிரீமியர் பத்மினியின் எஞ்சின் எளிமையானது, பிடிவாதமானது. புது பேட்டரியும் நல்ல பெட்ரோலும் கிடைத்தால் இருமிக்கொண்டே எழுந்துவிடும். வாங்க வந்தவர் அந்தச் சத்தத்தில் மயங்கி அட்வான்ஸை எடுத்து நீட்டிவிடுவார்.

உண்மையில் அந்த வண்டியில் குறைந்த செலவில் சரிசெய்யக்கூடியது எஞ்சின்தான். பணத்தையும் மாதங்களையும் விழுங்குபவை காகிதமும் தகரமும். அதனால் இங்கே வரிசை இப்படித்தான் போகிறது: முதலில் ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று), அப்புறம் துரு, அப்புறம் பிரேக், கடைசியில் எஞ்சின்.

ஏன் பத்மினி?

ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் 1964-இல் மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரிக்கத் தொடங்கிய வண்டிதான் இது. எழுபதுகளின் தொடக்கத்தில் கொஞ்ச காலம் பிரீமியர் பிரசிடென்ட்; 1974 முதல் பத்மினி. 2000-ஐ ஒட்டி உற்பத்தி நின்றது. 1089 சி.சி., நான்கு சிலிண்டர், ஒற்றை கார்புரேட்டர், ஸ்டியரிங் தண்டிலேயே கியர் கம்பி, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஸ்பேனர் செட்டும் பொறுமையும் உள்ள எவரும் புரிந்துகொள்ளக்கூடிய வண்டி.

உதிரிபாகம் இன்னும் கிடைப்பதற்கு மும்பை டாக்ஸிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். அங்கே கடைசி பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபரில். 20 வருஷ வரம்பு முடிந்து அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றது 2023 அக்டோபரில். அவ்வளவு காலம் ஆயிரக்கணக்கான வண்டிகள் தினமும் ஓடியதால் ரிப்பேர் கிட், கேபிள், ரப்பர் எல்லாம் தயாராகிக்கொண்டே இருந்தன. சென்னையில் புதுப் பொருளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, கழற்றிய பொருளுக்குப் புதுப்பேட்டை.

அம்பாசிடர் வேண்டும் என்பவருக்கும் கீழே உள்ளதில் முக்கால் பங்கு பொருந்தும். அதன் உற்பத்தி 2014 வரை நீண்டதால் பாகங்கள் இன்னும் எளிது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நம்ம ஊர் வண்டி, வண்டலூர் பக்கம் செய்தது. அழகுக்காக வாங்கலாம். ஆனால் சில பாகங்களுக்கு இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு பாகம் விற்பவர்களைத்தான் நாட வேண்டியிருக்கும். முதல் பழைய கார் என்றால் பத்மினியே போதும்.

ஒரு எச்சரிக்கை. தொண்ணூறுகளில் வந்த டீசல் பத்மினியையும், நடுவில் யாரோ வேறு எஞ்சின் மாற்றிய வண்டியையும் முதல் முயற்சிக்குத் தொடாதீர்கள். இயந்திர வேலையோடு காகித வேலையும் இரட்டிப்பாகும்.

முதல் படி: காகிதம்

வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே ஆர்.சி. புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘நேரில் வாங்க, பேசிக்கலாம்’ என்று இழுத்தால் அதுவே பாதி பதில்.

பார்க்க வேண்டியதில் முதலாவது, யார் பெயர். நம் பக்கம் ஷெட்டில் நிற்கும் பழைய கார்களில் பெரும்பாலானவை அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கும். அவர் உயிரோடு இருக்க மாட்டார். விற்பவர் மகன்தான், சந்தேகமில்லை. ஆனால் சட்டப்படி அவர் இன்னும் உரிமையாளர் இல்லை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுத்து அவர் பெயருக்கு மாற்றிய பிறகுதான், படிவம் 29, 30 வழியாக உங்கள் பெயருக்கு வர முடியும். மூன்று அண்ணன் தம்பிகளில் ஒருவர் வெளிநாட்டில், ஒருவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்றால் எத்தனை மாதம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ‘வாங்கிக்கோங்க, அப்புறம் கையெழுத்துப் போட்டுத் தர்றோம்’ என்பதற்குத் தலையாட்ட வேண்டாம். பெயர் மாற்றும் வேலையை அவர்கள் முடிக்கட்டும். வேண்டுமானால் செலவில் ஒரு பங்கை நீங்கள் ஏற்கலாம்.

இரண்டாவது, பதிவின் ஆயுள். தனியார் காருக்குப் பதிவு 15 வருஷம். அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். ஷெட்டில் நின்ற வண்டிக்கு யாரும் புதுப்பித்திருக்க மாட்டார்கள். 2022 ஏப்ரல் முதல் காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025-இல் அது 10,000 ஆனது. தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் தனி. நான்கு வருஷத் தாமதம் என்றால் அது மட்டுமே 24,000. இதன்மேல் பசுமை வரியும் உண்டு. விலை பேசுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மொத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டு, அந்தத் தொகையை விலையிலிருந்து கழியுங்கள்.

மூன்றாவது, கணினியில் இருக்கிறதா என்பது. எம்.எஸ்., எம்.டி., டி.எம். என்று தொடங்கும் பழைய எண்களில் பல, அரசின் வாகனப் பதிவுத் தளமான ‘வாகன்’-இல் தேடினால் வராது. அதற்காகப் பதிவே இல்லை என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்துப் பேரேட்டிலிருந்து யாரும் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். ‘பேக்லாக் என்ட்ரி’ போட வேண்டும், அதாவது பழைய பதிவை இப்போது கணினியில் ஏற்ற வேண்டும். அதற்கு அசல் ஆர்.சி. கையில் இருக்க வேண்டும், அலுவலகப் பேரேட்டிலும் பதிவு கிடைக்க வேண்டும். பழைய அலுவலகங்கள் இரண்டாக, மூன்றாகப் பிரிந்திருப்பதால் உங்கள் எண்ணின் கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதையே முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அசல் ஆர்.சி. தொலைந்து, கணினியிலும் இல்லாத வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உதிரிபாகத்துக்குத்தான் ஆகும்.

கடன் வாங்கி எடுத்த வண்டியா என்றும் பாருங்கள். முப்பது வருஷத்துக்கு முன் அடைத்த கடனாக இருந்தாலும் ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு நீக்கப்படாமல் இருந்தால் படிவம் 35 வேண்டும். அந்தக் கடனைக் கொடுத்த நிதி நிறுவனம் இன்று இருக்கிறதா என்பது வேறு கதை.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு ‘விண்டேஜ்’ பதிவு என்றொரு வழி 2021 ஜூலையில் வந்தது. எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும், பத்து வருஷம் செல்லும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போய் வரும் எண்ணம் இருந்தால் வழக்கமான புதுப்பித்தலே நல்லது.

இரண்டாம் படி: தகரத்தைப் படிப்பது

பார்க்கப் போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை: நல்ல டார்ச், துணி சுற்றிய ஒரு காந்தம், பழைய ஸ்க்ரூ டிரைவர், வெள்ளைத் தாள், பென்சில், படுத்துப் பார்க்க ஒரு சாக்கு. பட்டு வேட்டியில் போகாதீர்கள்.

பென்சிலும் தாளும் சேஸ் எண்ணுக்கு. பானெட்டைத் திறந்து, பின்பக்கத் தகரச் சுவரில் பொறித்திருக்கும் எண்ணின் மேல் தூசியைத் துடைத்துவிட்டுத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். எண்கள் வெள்ளையாக எழும்பி வரும். ஆர்.டி.ஓ. விண்ணப்பத்திலும் இதே நகலைத்தான் ஒட்டுவார்கள். ஒவ்வொரு இலக்கமும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். சுற்றிலும் உள்ள தகரம் உரசப்பட்டோ, வெல்டு வைத்தோ இருந்தால், பேச்சை நிறுத்திவிட்டு டீ குடித்துக் கிளம்பலாம். எஞ்சின் பிளாக்கில் உள்ள எண்ணையும் இப்படியே எடுங்கள். அது மாறியிருப்பது இந்த வண்டிகளில் சகஜம்; ஆனால் ஆர்.சி.யில் அந்த மாற்றம் ஏறியிருக்க வேண்டும்.

அடுத்து துரு. பத்மினிக்குத் தனியாக சேஸ் சட்டம் கிடையாது, உடம்பே சேஸ். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, தரை, பக்கவாட்டில் ஜாக்கி மாட்டும் இடம், முன்சக்கரக் குடைக்குப் பின்னால் உள்ள மடிப்பு, இவைதான் வண்டியைத் தாங்குகின்றன. இங்கே துரு தின்றிருந்தால் வெளியே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் பயனில்லை.

தரையில் விரித்திருக்கும் ரப்பர் மேட்டைக் கட்டாயம் தூக்கிப் பாருங்கள். விற்பவர் தயங்குவார், பரவாயில்லை. முன்கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்ததும் மழைத்தண்ணீர் டேஷ்போர்டின் பின்னால் இறங்கி, ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் தேங்கும். மேட்டுக்கு அடியில் தார்ப்பூச்சு அட்டை இருக்கும், அதற்கும் அடியில்தான் தகரம். அட்டை உப்பியிருந்தால் ஸ்க்ரூ டிரைவரின் பின்புறத்தால் மெல்லத் தட்டுங்கள். ‘டங்’ என்று வந்தால் தகரம் இருக்கிறது. மந்தமான சத்தம் வந்து, பிஸ்கட் நிறத்தில் செதில் உதிர்ந்தால் புதுத் தரை வெட்டிப் போட வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அதன் குழியையும் பாருங்கள்.

காந்தம் எதற்கு? கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, பக்கவாட்டு மடிப்பு ஆகிய இடங்களில் துணியோடு ஓட்டுங்கள். ஒட்டாமல் வழுக்குகிற இடத்தில் தகரத்துக்குப் பதில் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) இருக்கிறது. சின்ன அடிக்குப் பட்டி வைப்பது சாதாரணம். கை அகலத்துக்கு மேல் வழுக்கினால் உள்ளே ஓட்டை.

வண்டி எந்த ஊரில் நின்றது என்பதும் முக்கியம். கடற்காற்று படும் இடங்களில், சென்னையின் கிழக்குப் பகுதிகள், நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி ஊர்களில், மூடிய ஷெட்டுக்குள்ளும் தகரம் கரையும். கோவை, கரூர், காரைக்குடி பக்கத்து வண்டி வெயிலில் பெயின்ட் வெளுத்து, ரெக்சின் வெடித்துக் கிடந்தாலும் அடித்தகரம் கெட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். பெயின்ட் போன வண்டியைத் தேர்ந்தெடுங்கள், தகரம் போனதை அல்ல. சென்னை வண்டி என்றால் 2015 வெள்ளத்தில் நின்றதா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். உள்பக்கக் கதவு அட்டையில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்.

இதோடு ஒரு பட்டியல் எடுங்கள்: கண்ணாடிகள், விளக்கு வளையங்கள், கிரில், பம்பர், பீடிங் பட்டைகள், கதவுக் கைப்பிடிகள், மீட்டர். இயந்திரப் பாகம் எளிதாகக் கிடைக்கும். நசுங்காத அசல் கிரில்லுக்கு நீங்கள் புதுப்பேட்டையில் எத்தனை சனிக்கிழமை அலைய வேண்டும் என்று சொல்ல முடியாது.

விலை பேசி வீட்டுக்குக் கொண்டுவருவது

‘ஓடும்’ என்று விற்பவர் சொன்னாலும் ஓடாத வண்டி என்றே விலை பேசுங்கள். அவர் ஸ்டார்ட் செய்து காட்ட முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காய்ந்த சிலிண்டரில் பிஸ்டனை ஒரேயடியாக ஓடவிட்டால் ரிங் சுவரைக் கீறும். அந்தக் கீறலுக்கு விலை நீங்கள்தான் கொடுப்பீர்கள்.

கயிறு கட்டி இழுத்து வரும் யோசனையும் வேண்டாம். பிரேக் இல்லாத வண்டியை இழுத்து வருவது ஆபத்து; டயர் வழியிலேயே பிரியலாம். பிளாட்பெட் ரெக்கவரி வண்டியை வாடகைக்கு எடுங்கள். டயரில் காற்று நிற்காவிட்டால், ஓடும் நிலையில் உள்ள நான்கு சக்கரங்களைக் கடன் வாங்கிப் போய் மாட்டலாம். கைப்பிரேக் போட்ட நிலையிலேயே வருஷக்கணக்கில் நின்றிருந்தால் பின் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் விளிம்பைச் சுற்றி மரச்சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் விடும்.

கிளம்புவதற்கு முன் அந்த வீட்டில் பழைய சாவிகள், கையேடு, ஜாக்கி, பில்கள் எல்லாம் எங்காவது டப்பாவில் கிடக்கிறதா என்று கேளுங்கள். பணம் கைமாறிய பிறகு அதைத் தேடித் தர யாருக்கும் நேரம் இருக்காது.

மூன்றாம் படி: பிரேக்

எல்லோரும் முதலில் எஞ்சினைத்தான் தொடுவார்கள். நான் பிரேக்கை முதலில் சொல்வதற்குக் காரணம் எளிது: எஞ்சின் ஓடிய மறு நிமிஷமே ‘தெருமுனை வரை ஒரு ரவுண்டு’ என்ற ஆசை வரும். அதைத் தடுக்க எந்த அறிவுரையாலும் முடியாது. ஆசை வருவதற்கு முன்பே பிரேக் இருந்துவிட்டால் நல்லது.

வண்டியைத் தூக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டோ, தடித்த மரக்கட்டையோ வைத்த பிறகுதான் தலை உள்ளே போகலாம்.

பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. இத்தனை வருஷத்தில் டப்பாவில் இருப்பது டீ டிகாஷன் நிறத்தில் இருக்கும், அடியில் சேறு. அந்த ஈரம் மாஸ்டர் சிலிண்டரின் உட்சுவரையும் வீல் சிலிண்டர்களையும் அரித்து, பிஸ்டனை இறுக்கியிருக்கும். ஆயிலை மட்டும் மாற்றி ஏர் எடுத்தால் (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினால்) பெடல் சில நாள் நன்றாக நிற்கும்; அப்புறம் ஒரு சிக்னலில் தரையைத் தொடும். இந்த வண்டியில் பிரேக் ஒற்றை இணைப்பு. ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிடிக்காது.

ஆகவே முழுசாகச் செய்யுங்கள். நான்கு டிரம்மையும் கழற்றி எல்லா வீல் சிலிண்டரையும் பிரியுங்கள். உட்சுவரில் விரல் நகத்தை ஓட்டினால் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் கிட் போட்டுப் பயனில்லை. புது சிலிண்டர் வாங்க வேண்டும், அல்லது லேத்தில் ஸ்லீவ் போட வேண்டும். ரப்பர் ஹோஸ்களைப் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை விட்டாலும் அந்தச் சக்கரம் பிடித்தபடியே சூடாகும். ‘வண்டி ஒரு பக்கம் இழுக்குது’ என்ற புகாருக்குப் பாதி நேரம் இதுதான் காரணம். இரும்புக் குழாய்களைத் துணியால் துடைத்து, பின் அச்சுக்கு மேலே போகும் பகுதியைக் கவனியுங்கள். அங்கேதான் சேறு தேங்கித் துரு ஏறும்.

ஷூவின் லைனிங் மீதமிருந்தாலும் எண்ணெய் ஊறியிருந்தால் தூக்கிப் போடுங்கள். பழைய லைனிங் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு புது டாட் 3 ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி ஏர் எடுங்கள்.

நான்காம் படி: பெட்ரோல் வழி

டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் வாசனை வந்தால் உள்ளே இருப்பது பெட்ரோல் இல்லை, பிசின். டேங்கைக் கழற்றி இறக்கி, மிச்சத்தை வடித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். லேசான துரு என்றால் ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கி அலசலாம். அதிகம் என்றால் ரேடியேட்டர் வேலை செய்பவரிடம் கொடுத்துக் கழுவச் சொல்லுங்கள். ஓட்டை விழுந்த டேங்கில் வீட்டில் வைத்து வெல்டு மட்டும் வைக்கவே கூடாது. காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

மெக்கானிக்குகள் ‘ஏ.சி. பம்ப்’ என்று சொல்வது எஞ்சினிலேயே ஓடும் பெட்ரோல் பம்பை. குளிரூட்டியோடு அதற்குச் சம்பந்தமில்லை. அதன் டயாஃப்ரம் காய்ந்து விரிசல் விட்டிருக்கும். கிழிந்தால் பெட்ரோல் ஆயிலோடு கலக்கும், எனவே கிட் மாற்றாமல் ஓட்ட வேண்டாம். கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். குத்துவதற்கு இரும்புக் கம்பி வேண்டாம், துளை பெரிதாகிவிடும். மிதவையை வெந்நீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழ் வந்தால் ஓட்டை.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. இந்த வண்டி வடிவமைக்கப்பட்ட காலத்தில் அப்படி ஒன்று கிடையாது. பழைய ரப்பர் ஹோஸ், வாஷர், டயாஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் மென்மையாக்கும், ஈரத்தையும் இழுக்கும். வழியில் உள்ள எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். டேங்கை நிரப்பி மாதக்கணக்கில் விடாமல், ஓட்டுகிற அளவுக்கு மட்டும் போடுங்கள். கலவை கொஞ்சம் மெலிவதால் ஜெட்டைச் சற்றே பெரிதாக்க வேண்டியிருக்கலாம். அதை ஓட்டிப் பார்த்து, பிளக்கின் நிறத்தைப் பார்த்துப் பிறகு முடிவு செய்யலாம்.

ஐந்தாம் படி: எஞ்சினை எழுப்புவது

நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூன்று ஸ்பூன் எஞ்சின் ஆயிலோ, துரு விடுவிக்கும் எண்ணெயோ விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். அந்த இரண்டு நாளில் ஏர் ஃபில்டருக்குள்ளும் சைலன்சர் குழாய்க்குள்ளும் எலிக்கூடு இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

பிறகு பிளக் இல்லாமலே, டாப் கியரில் போட்டு வண்டியை மெல்ல முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஃபேன் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. அசையவில்லை என்றால் இன்னும் எண்ணெய் விட்டு, இன்னும் சில நாள். செல்ஃப் மோட்டாரை அடித்து உடைத்தெடுக்கப் பார்க்காதீர்கள், ரிங்தான் உடையும். ஒரு வாரத்துக்கு மேலும் அசையாவிட்டால் ஹெட்டைத் தூக்க வேண்டியதுதான். ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. இரண்டும் அரித்து ஒட்டியிருக்கும். அவசரமாக நெம்பினால் ஹெட் வெடிக்கும். அதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

எஞ்சின் சுற்றினால் பழைய ஆயிலை வடியுங்கள். முதலில் தண்ணீர் வந்து பிறகு ஆயில் வந்தாலோ, காபி நிற நுரை வந்தாலோ ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். புது 20டபிள்யூ-40 ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, பிளக் இல்லாமலே செல்ஃபை விட்டுவிட்டு அடியுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை. விளக்கு அணைந்தால் பேரிங்குகளுக்கு ஆயில் போய்விட்டது.

மின்சாரப் பக்கம், பேட்டரியை இணைப்பதற்கு முன் வயர்களைக் கையால் வளைத்துப் பாருங்கள். உறை முறுக்கு மாதிரி ஒடிந்தால் அந்தப் பகுதியை மாற்றிய பிறகுதான் மின்சாரம். எலி கடித்த வயர் தகரத்தைத் தொட்டால் டேஷ்போர்டுக்குப் பின்னால்தான் தீ தொடங்கும். பேட்டரியின் எர்த் பட்டை தகரத்தோடு சேரும் இடத்தைப் பளபளவென்று சுரண்டுங்கள். ‘செல்ஃப் வீக்’ என்று மோட்டாரைக் கழற்ற வைக்கும் வண்டிகளில் பல இந்த ஒரு நட்டால்தான் தகராறு செய்யும்.

ஸ்பார்க் வரவில்லை என்றால் முதல் குற்றவாளி பாயிண்ட், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின் தொடர்பு முனை. நின்ற வண்டியில் பாயிண்டின் முகத்தில் வெள்ளைப் பூப்பு படிந்திருக்கும். நைசான எமரித் தாளை இடையில் விட்டு உரசி, இடைவெளியை 0.45 மில்லிமீட்டர் அளவுக்கு வையுங்கள். கண்டென்சரையும் மாற்றுங்கள், விலை சொற்பம். பிளக்கை எஞ்சின் உடலில் தொடவைத்துச் செல்ஃப் அடித்தால் நீல நிறத்தில் ‘டிக் டிக்’ என்று பாய வேண்டும். மஞ்சளாக இழுத்தால் காயிலைப் பாருங்கள். இதைச் செய்யும்போது பக்கத்தில் பெட்ரோல் ஆவி எதுவும் இருக்கக் கூடாது. பிளக் வயரின் வரிசை 1-3-4-2.

முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்கை நம்பாமல், புது பெட்ரோல் ஊற்றிய சின்ன கேனிலிருந்து ஏ.சி. பம்புக்கு ஹோஸ் கொடுங்கள். ஷெட் கதவு திறந்திருக்கட்டும், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சோக் இழுத்து, கால் ஆக்சிலேட்டரில் லேசாக. பிடித்ததும் நீங்கள் ஊற்றிய எண்ணெய் எரிந்து தெரு முழுவதும் புகை கிளம்பும். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பத்து நிமிஷத்தில் குறைய வேண்டும். நீலப்புகை நிற்காமல் வந்தால் ரிங்கோ வால்வு சீலோ. உடனே ‘போர் பண்ணணும்’ (சிலிண்டரைக் கடைய வேண்டும்) என்று மெக்கானிக் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒட்டியிருந்த ரிங்குகள் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் விடுவது உண்டு. அதுவரை பொறுத்து, பிறகு கம்ப்ரெஷன் பார்த்து முடிவெடுங்கள். பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். இல்லையென்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ அல்லது அதன் கட்-அவுட் வேலை.

தண்ணீரும் கிளட்சும்

அலுமினிய ஹெட் ஒருமுறை கொதித்தால் வளைந்துவிடும், அதனால் ரேடியேட்டரில் கஞ்சத்தனம் கூடாது. வருஷக்கணக்கில் போர்வெல் தண்ணீர் ஊற்றிய வண்டியில் உள்ளே சுண்ணாம்பு கட்டியிருக்கும். ரேடியேட்டரைக் கழற்றி, அடைப்பெடுத்து, எல்லா ஹோஸும் ஃபேன் பெல்ட்டும் மாற்றி, கூலண்ட் ஊற்றுங்கள். சுண்ணாம்பும் துருவும் கரைந்து போன பிறகு பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்ட வெல்ஷ் பிளக்குகள் (தண்ணீர் வழியை அடைக்கும் தகர மூடிகள்) ஒழுகத் தொடங்கலாம். அது கெட்ட செய்தி இல்லை. வெளியூர்ச் சாலையில் ஒழுகாமல் வீட்டிலேயே ஒழுகியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளட்சை மிதித்தும் கியர் விழாமல் கரகரத்தால், தட்டு ஃபிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. பெடலை மிதித்த நிலையில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து ஓரிரு நாள் விட்டால் சில சமயம் விடும். விடாவிட்டால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். கியர் பாக்ஸ் ஆயிலையும் பின் அச்சின் கிரவுன் ஆயிலையும் இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள்.

சாலைக்கு

டயரில் பட்டன் இருக்கிறதா என்று பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டு வருஷம், முதல் இரண்டு வாரம். பத்து வருஷம் தாண்டியதையும், மூன்றே இலக்கம் உள்ளதையும் கழற்றிவிடுங்கள். மூன்று இலக்கம் என்றால் 2000-க்கு முன்பு செய்தது. முன்பக்க கிங்பின் நிப்பிள்களில் பழைய கிரீஸ் கல்லாக இறுகியிருக்கும். புது கிரீஸ் மறுபக்கம் பிதுங்கி வரும் வரை கன்னால் அடியுங்கள். ஸ்டியரிங் ஆட்டத்துக்கு முக்கால்வாசி மருந்து இதுதான்.

எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கான சோதனைக்கு) போகும்போது விளக்குகள், ஹாரன், வைப்பர், பிரேக், சேஸ் எண் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். முந்தைய நாளே நம்பர் பிளேட்டைச் சரியான எழுத்தில் எழுதி, சேஸ் எண் படிக்கும்படி துடைத்து வையுங்கள். குறைந்தபட்சம் மூன்றாம் தரப்புக் காப்பீடும் புகைச் சான்றும் கையில் இல்லாமல் அந்தத் தெருமுனை ரவுண்டுகூட வேண்டாம்.

பதிவு வந்ததும் முதல் சில வாரம் வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் சுற்றுங்கள். டிக்கியில் ஃபேன் பெல்ட், ஒரு செட் பாயிண்ட், கண்டென்சர், ஐந்து லிட்டர் தண்ணீர், ஹோஸ் கிளிப்புகள். ஒவ்வொரு முறை திரும்பியதும் நான்கு சக்கர டிரம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தச் சக்கரத்தைத் திறக்க வேண்டும். 500 கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலை மறுபடி மாற்றுங்கள், முதல் ஆயில் உள்ளே இருந்த கசடையெல்லாம் கழுவி வைத்திருக்கும். டாப்பெட் (வால்வு) இடைவெளியையும் அப்போதே பார்த்துவிடலாம். டிங்கரிங், பெயின்ட் எல்லாம் அதற்கும் பிறகு. புது பெயின்ட்டின் மேல் பிரேக் ஆயில் ஒரு சொட்டு விழுந்தாலும் உரிந்துவரும், ஆகவே கசிவு எல்லாம் நின்றுவிட்டது என்று தெரியும் வரை பெயின்டரைக் கூப்பிடாதீர்கள்.